யானைமலை யார் இரட்சை? நரசிங்கம் ஊர்ச்சபையாருக்கு ஒரு திறந்த மடல்

நரசிங்கம் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஒத்தக்கடைச் சனங்களுக்கும், கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் மதுரை டவுனுக்குள் குடியிருப்பவள். உங்கள் வாக்காளர் பட்டியலில் என் பெயர் கிடையாது. கிராமசபையில் கை தூக்க எனக்கு உரிமையும் இல்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. விஷயம், உங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் யானைமலை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர்ச்சபை ஒரு காரியம் செய்தது. மலையில் சற்று மேலே, பாறை முகப்பில் சமணத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றனவே, பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகா இயக்கி என்று, அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள் பொறித்திருக்கின்றன. உருவத்தைச் செய்வித்தவர் யார், அதைக் காப்பாற்ற வேண்டியவர் யார் என்று சொல்லும் வரிகள். காக்கும் பொறுப்புக்கு அந்தக் கல்வெட்டுகளில் ‘இரட்சை’ என்று பெயர். பொறுப்பேற்றவர்களில் ஒரு தரப்பார் ‘நரசிங்கமங்கலத்துச் சபையார்’. 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்து. நரசிங்கப் பெருமாளைக் கும்பிட்ட ஊர், அருகன் திருமேனிக்கு நாங்கள் காவல் என்று கல்லில் எழுதவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு இப்படி ஒரு சாட்சி இருக்கும்?

அந்த இரட்சையை மறுபடி கையில் எடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை சிலைகளுக்கு மட்டும் போதாது, மலை முழுக்க வேண்டும். அதன் கதைகளுக்கும் வேண்டும்.

கடந்த மார்கழியில் குடும்பத்தோடு மலையேறினோம். வீட்டுக்காரர், பிள்ளைகள் இருவர், என் மாமியார். மேலூர் ரோட்டில் மாட்டுத்தாவணியைத் தாண்டும்போதே சின்னவன், “அப்பத்தா, யானை படுத்திருக்கு” என்று ஆரம்பித்துவிட்டான். அங்கே பிடித்த கதை, ஒத்தக்கடையில் டீ குடித்து, நரசிங்கம் வந்து, செருப்பைக் கழற்றிக் கோயிலுக்குள் போகிறவரை ஓடியது. அத்தை சொன்னது அவர்களுடைய அம்மா சொன்ன கதை: மதுரையை ஜெயிக்க முடியாத காஞ்சிபுரத்துச் சோழ ராசா சமணச் சாமியார்களைக் கூப்பிட்டான். எண்ணாயிரம் பேர் கூடி வேள்வி வளர்த்தார்கள். அக்கினியிலிருந்து மலை மாதிரி ஒரு யானை எழுந்து மதுரையை மிதிக்க வந்தது. விக்கிரம பாண்டியன் சொக்கநாதர் காலில் விழுந்தான். சாமி வேடனாக வில்லெடுத்து வந்து, அட்டாலை மண்டபத்தில் ஏறி நின்று, நரசிங்கக் கணையை விட்டார். யானை விழுந்து கல்லாய்ப் போனது. திருவிளையாடற் புராணத்தில் ‘யானை எய்த படலம்’ இதுதான். அதே புராணத்தில் பின்னால் ஒரு பாம்பு வந்து நாகமலை ஆகும், ஒரு மாயப்பசு வந்து பசுமலை ஆகும். மதுரையைச் சுற்றிப் படுத்திருக்கும் மலையெல்லாம் ஒரு காலத்தில் நம்மைக் கொல்ல வந்தவை என்று கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

சமணச் சிற்பங்கள் வரைக்கும் அத்தையும் ஏறினார்கள். முழங்கால் வலியோடு அது பெரிய காரியம். அங்கேயே ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “நீங்க போய்ட்டு வாங்க, நான் இவகளோட பேசிக்கிட்டு இருக்கேன்” என்று தீர்த்தங்கரர்களைக் காட்டினார்கள். நாங்கள் மேலே போனோம். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாய்ந்த பாறை, நடுநடுவே முள்ளும் புல்லும், மறுபடி பாறை. வெறுங்கால் பிடிக்கிற மாதிரி ஷூ பிடிக்கவில்லை, பெரியவள் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். குகைத்தளத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைக் கையால் தடவிப் பார்த்தோம். அந்தக் கல் எப்படி அவ்வளவு வழவழவென்று இருக்கிறதோ! நெற்றிப் பாறையில், தமிழி என்ற ஆதித் தமிழ் எழுத்தில், இரண்டாயிரம் வருஷப் பழைய கல்வெட்டு. ‘இவ குன்றத்து உறையுள்’ என்று தொடங்கி, ஏரி ஆரிதன், அரட்ட காயிபன் என்று பெயர் சொல்கிறது.

வாசித்துக் காட்டியதும் பெரியவள் கேட்டாள்: “யானைய அனுப்புனதே சமணச் சாமியாருங்கன்னா, அவங்களே எப்படிம்மா அது மேல குடியிருந்தாங்க?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கீழே இறங்கி வந்து அத்தையிடம் கேட்டாள். அத்தை சிரித்துவிட்டு, “கதைக்குக் கால் இல்ல, கொழுக்கட்டைக்குத் தலை இல்லடி” என்றார்கள்.

அத்தை சொன்னது சரி. ஆனால் பிள்ளை கேட்டதும் சரி. அந்தக் கேள்விக்கு விடை மலையிலேயே எழுதியிருக்கிறது. இபம் என்றால் யானை, அதுதான் கல்வெட்டில் ‘இவ’ ஆகியிருக்கிறது. ‘இவ குன்றம்’ என்று அந்தக் கல்வெட்டு சொல்லும்போது, இது யானைமலை என்றுதான் சொல்கிறது என்பது கல்வெட்டறிஞர்கள் கருத்து. அதாவது, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பின்னாகவே இந்த மலைக்கு யானை என்று பெயர் இருந்திருக்கிறது, முனிவர்கள் அதன்மேல் தங்கியிருக்கிறார்கள். புராணத்தைப் பரஞ்சோதி முனிவர் பாடியது எவ்வளவோ நூற்றாண்டு கழித்து. 7ஆம் நூற்றாண்டில் பாண்டிமாதேவிக்குத் தைரியம் சொல்லித் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தில் ‘ஆனைமாமலை ஆதியாய இடங்களில்’ என்று வருகிறது. சமணர் இருக்கும் இடங்களைச் சொல்லவந்து, முதலில் இந்த மலையைத்தான் சொல்கிறார். மதுரையைச் சூழ்ந்த சமணரின் எட்டுக் குன்றங்களை அடுக்கும் பழைய வெண்பா ஒன்றிலும் ‘யானை’ உண்டு. சம்பந்தரோடு நடந்த வாதத்தில் தோற்றுச் சமணர் எல்லாரும் கழுவேறினார்கள் என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இரட்சை ஏற்ற சிற்பங்கள் சம்பந்தருக்கு இருநூறு, முந்நூறு வருஷம் பிந்தியவை. அச்சணந்தி என்ற முனிவர் பெயர் அங்கே இருக்கிறது. ஆக, அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. உங்கள் ஊர்க்காரர்களைத் தெரிந்துகொண்டு, உங்கள் சபையை நம்பிச் சிலையை ஒப்படைத்துவிட்டு, இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்வதால் அத்தையின் கதை பொய்யாகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு சமயங்கள் ஒரு மலைக்குப் போட்டி போட்ட கோபம் அந்தக் கதையில் உறைந்திருக்கிறது. அந்தக் கோபமும் சரித்திரம்தான். அம்பின் பெயர் நரசிங்கக் கணையாக அமைந்ததற்குக் கூட மலையடியில் குடியிருக்கும் நரசிங்கப் பெருமாள்தான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், வெறும் ஊகம்தான். இன்னொரு பக்கம், மாசிப் பௌர்ணமியில் திருமோகூர் காளமேகப் பெருமாள் உங்கள் ஊருக்கு எழுந்தருளிக் கஜேந்திர மோட்சம் கொடுக்கிறார். சைவக் கதையில் அம்பு பட்டுச் செத்த யானை, அடிவாரத்தில் பெருமாள் வந்து காப்பாற்றும் யானை ஆகிவிடுகிறது. ஒரே பாறைக்கு மூன்று கூட்டத்தார் மூன்று விதமாய் உறவு கொண்டாடுகிறார்கள். யாரும் யாரையும் மலையை விட்டு இறக்கிவிடவில்லை.

குடைவரைக் கோயிலின் கதை இன்னும் அருமை, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர், களக்குடியைச் சேர்ந்த மாறன் காரி, 770இல் நரசிங்கப் பெருமாளுக்கு இந்தக் கற்றளியைக் குடைந்தார். நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே செத்துப்போனார். அவருக்கு அடுத்து அமைச்சர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, அண்ணன் விட்ட வேலையை முடித்து நீர் தெளித்தார். கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறது. நாங்கள் போன அன்று சாமி கும்பிட வந்த கூட்டம் இந்த எழுத்துகளை உரசிக்கொண்டுதான் வரிசையில் நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்ப இது அண்ணன் தம்பி கட்டுன கோயிலா!” என்று அவர் தன் தம்பிக்கு உடனே போன் போட்டார்.

சொல்ல ஆள் இருந்தால் கேட்கக் காது இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இப்போது மலையடியில் வந்து நிற்கிற குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், இருக்கட்டும். ஆனால் எதைச் சேதப்படுத்தக் கூடாது, அது யாருடையது, ஏன் பெரிது என்று தெரியாதவனிடம் அபராதத்தைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்? மேலே நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். பாறைச் சரிவில் வெள்ளைப் பெயின்ட்டில் காதலர் பெயர்கள். உடைந்த பாட்டில் சில்லு. சின்னவன் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான், கண்ணில் பட்டதால் தப்பித்தோம். காலேஜ் பையன்கள் கொஞ்சப் பேர் கற்படுக்கையில் செருப்புக் காலோடு நின்று ரீல்ஸ் எடுத்தார்கள். அவர்களைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. “தம்பி, அது சாமியார் படுத்த இடம்ப்பா” என்று வீட்டுக்காரர் சொன்னதும் சட்டென்று இறங்கி, “தெரியாதுங்க சார்” என்றார்கள். உண்மையிலேயே தெரியாதுதான். அதில் ஒரு பையன் அப்புறம் எங்களோடேயே வந்து கல்வெட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

இந்த மலையைக் காப்பாற்ற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று திட்டம் வந்தபோது, ஒத்தக்கடையும் நரசிங்கமும் சுற்றுப்பட்டு ஊர்களும் எழுந்து நின்றதை மதுரை பார்த்தது. யானையை உளியால் வெட்டி அழகுபடுத்துவதா என்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் அந்தத் திட்டம் நின்றது. அந்தப் போராட்டத்தின் சூட்டில் பிறந்ததுதான், மலைகளுக்கு மக்களை நடத்திக் கூட்டிப்போகும் பசுமை நடை என்ற குழு. அதற்குப் பிறகு மதுரையின் குன்றங்களுக்கு எத்தனையோ குடும்பங்கள் நடந்து போய்வந்துவிட்டன. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக மலைகள் காணாமற்போனதையும், அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று 2024 கடைசியில் ஊரே ரோட்டுக்கு வந்ததையும், 2025 ஜனவரியில் அது ரத்தானதையும் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். வெட்ட வருகிறவனை எப்படி நிறுத்துவது என்று இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

எனக்குப் பயம், ஆசையாக வருகிறவர்களைப் பற்றித்தான். கூட்டம் கூடினால் கோரிக்கையும் கூடும். உச்சி வரைக்கும் சிமெண்ட் படி போடுங்கள், எவர்சில்வர் கம்பி பிடியுங்கள், ரோப் கார் விடுங்கள், செல்பி எடுக்க யானைக் காதில் ஒரு மேடை கட்டுங்கள் என்று யாராவது மனுக் கொடுப்பார்கள். நல்லெண்ணத்தில்தான் கொடுப்பார்கள். அந்த மனு கிராமசபைக்கு வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலையேற முடியாத பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, என் மாமியாரே அந்தக் கட்சிதான். அவர்களுக்கு அடிவாரத்தில் நரசிங்கர் குடைவரை இருக்கிறது, குளம் இருக்கிறது, முருகனும் தெய்வானையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் லாடன் கோயில் இருக்கிறது. சேவலும் மயிலும் செதுக்கிய அந்தச் சின்னக் குடைவரையைப் பார்க்க ஒரு வெளியூர்க்காரரும் அன்றைக்கு வரவில்லை என்பது வேறு கதை. கால் கொஞ்சம் ஒத்துழைத்தால் சமணச் சிற்பங்கள் வரை போகலாம். அதற்கு மேலே இருக்கும் பாறையை எல்லாருக்கும் எளிதாக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. துளை போட்டுக் கம்பி நடுவதும், ஒரு வகையில், அம்பு விடுவதுதான்.

படிக்குப் பதிலாக ஆள் கொடுங்கள். உங்கள் ஊரிலேயே ஆடு மேய்த்து இந்த மலையின் ஒவ்வொரு சுனையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் காலையில் அடிவாரத்தில் நிற்கட்டும். வருகிற குடும்பத்தைக் கூட்டிப்போய், கதை சொல்லி, பத்திரமாக இறக்கிவிடட்டும். அதற்குக் கட்டணம் வாங்கட்டும். ஓசியில் செய்யச் சொல்ல நான் யார்? ஒரு குடும்பம் சினிமாவுக்குச் செலவழிப்பதில் பாதியைக் கேட்டாலும் தருவார்கள், நான் தருவேன். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடங்களில் அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஊர் தீர்மானம் போட்டு அனுப்பினால் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் எடை, என்னைப் போல ஒருத்தி தனியாக எழுதும் மனுவுக்கு இருக்காது.

வழிகாட்டி இருந்தால் உயிரும் தப்பும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வெயில் ஏறினால் அந்தப் பாறை தோசைக்கல். பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கு மேல் குழந்தையோடு ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை என்று யாராவது அடிவாரத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் பாசி படிந்த சரிவு எது, தேன்கூடு எந்தப் பொந்தில் தொங்குகிறது, குரங்கு எங்கே பையைப் பிடுங்கும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரியும். நாங்கள் வழி தவறி ஒரு சரிவில் மாட்டிக்கொண்டு முழித்தபோது, கீழேயிருந்து ஆடு ஓட்டிவந்த ஒரு அம்மா, “அங்குட்டுப் போகாதீக, இடது கைப்பக்கம் வாங்க” என்று கத்தி வழி சொன்னார்கள். பெயர் கேட்டு நன்றி சொல்வதற்குள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவர்களைப் போன்றவருக்குத்தான் ஊர்ச்சபை ஒரு அடையாள அட்டை போட்டுக் கழுத்தில் மாட்ட வேண்டும்.

அடுத்து, பலகை. மலையடியில் பெரிதாக, தமிழில், பிள்ளைகள் வாசிக்கிற எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். அதில் அத்தையின் கதையும் இருக்கட்டும், இவ குன்றத்துக் கல்வெட்டும் இருக்கட்டும், மாறன் காரியும் எயினனும் இருக்கட்டும், கஜேந்திர மோட்சமும் இருக்கட்டும். ஒன்றை உண்மை என்றும் மற்றதைக் கட்டுக்கதை என்றும் பிரித்துக் கோடு போட வேண்டாம். எது எந்தக் காலத்தில் யார் சொன்னது என்று மட்டும் தெளிவாக எழுதினால் போதும், படிக்கிற பிள்ளை தானே கேள்வி கேட்கும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏதாவது ஒரு கூட்டத்தார் வந்து, இது எங்கள் மலை, எங்கள் கதையை மட்டும் எழுதுங்கள் என்பார்கள். இந்தக் காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் அந்தக் குரல் உரக்கவே கேட்கிறது. அப்போது சிற்பத்துக்குக் கீழே இருக்கும் உங்கள் சபையின் பெயரைக் காட்டுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பெருமாள் கோயில் ஊர் சமணத் திருமேனிக்குக் காவல் நின்றதைவிடப் பெரிய பதில் இருக்கிறதா?

ஊராட்சியாக இருந்தாலும், நாளைக்கு மாநகராட்சியோடு சேர்த்தாலும், மலை இருக்கிற இடத்தில்தான் இருக்கும், நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை. தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறுநாள் வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் அதைத்தான் பேச வேண்டும், மறுக்கவில்லை. உச்சிக்குப் படியும் கம்பியும் வேண்டாம், உள்ளூர் வழிகாட்டிகளுக்கு அனுமதி வேண்டும், அடிவாரத்தில் பலகை வேண்டும்: இந்த மூன்றும் ஒரே தீர்மானத்தில் அடங்கிவிடும். ‘நரசிங்கமங்கலத்துச் சபையார் இரட்சை’ என்ற பழைய வாசகத்தைத் தீர்மானத்தின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள், ஊராட்சிச் செயலர் ஒரு நிமிஷம் திகைத்தாலும் பரவாயில்லை.

பலகைக்கான வாசகத்தை நான் ஒரு பக்க அளவில் எழுதி வைத்திருக்கிறேன். பெரியவள் வாசித்துவிட்டு, பாகுபலி யார் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், இல்லாவிட்டால் எல்லாரும் சினிமா என்று நினைத்துக்கொள்வார்களாம். சேர்த்துவிட்டேன். தை பிறந்ததும் கோயிலுக்கு வரும்போது உங்களில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகிறேன். வெட்டலாம், திருத்தலாம், வேண்டாம் என்று திருப்பியும் தரலாம்.

இப்படிக்கு,
மதுரைக்காரி ஒருத்தி